நாளுக்கு ஒரு முழம்

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை காலையில், ஜெனோவா பட்டணத்தில் நூற்றிருபது வருஷமாக அசையாமல் நின்றிருந்த பெர்தாஸ்கோ குடும்பத்துக் கல் வீடு, மூன்று மாடியும் ஒரு கோபுரமும் முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரமுமாக, இருந்த இடத்தை விட்டு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அதை முதலில் கண்டுபிடித்தவள் சமையல்காரி துரூவா. அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கத்துக் கிணற்றுக்குப் போக அவளுக்கு எப்போதும் ஏழு அடி. அன்றைக்கு எட்டாவது அடியில்தான் கிணறு வந்தது. அவள் இரண்டு குடத்தையும் நிரப்பி, உள்ளே கொண்டுவந்து இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடியேறி, எஜமானி மபீலியாவின் அறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, வீடு நகர்ந்திருக்கு."

மபீலியா தலை வாரிக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம்?" என்றாள்.

"மொராலியோ பக்கம்."

சீப்பு கீழே விழுந்தது. வீடு நகர்ந்ததற்காக அல்ல, போன பக்கத்துக்காக.

இந்த இடத்தில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜெனோவாவில் அந்தக் காலத்தில் ராஜா கிடையாது. அதற்குப் பதிலாகக் குடும்பங்கள் இருந்தன, ராஜா ஒருவரே இருந்திருந்தால் தேவலை என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு. ஒவ்வொரு பெரிய குடும்பத்துக்கும் சொந்தமாகக் கப்பல்கள், சொந்தமாக ஒரு கோபுரம், சொந்தமாக ஒரு சதுக்கம், சதுக்கத்தின் வாயில் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு இரும்புச் சங்கிலி. பிடிக்காதவர்கள் வந்தால் சங்கிலியை இழுத்துப் பூட்டிவிடலாம். ஒரு குடும்பத் தலைவரிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் நேரில் போய், அவர் வாசற்படியில் நின்றுதான் கேட்க வேண்டும். கடிதம் எழுதினால் செல்லாது, ஆள் அனுப்பினால் அவமானம், கேட்காமலே ஒருவர் எதையாவது கொடுத்துவிட்டால் பயந்து கொடுத்தார் என்று அர்த்தம். மன்னிப்புக்கும் இதே சட்டம்தான். யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் வாசற்படிக்குப் போயாக வேண்டும். இத்தனை கெடுபிடியோடு இவர்கள் எப்படிக் கடல் கடந்து வியாபாரம் செய்தார்கள் என்றால், கடலில் வாசற்படி கிடையாது, அதனால்தான்.

பெர்தாஸ்கோ வாசலுக்கும் மொராலியோ வாசலுக்கும் நடுவே சரியாக நூறு முழம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மபீலியாவின் கணவர் காய்ச்சலில் இறந்தபோது, சவப்பெட்டியைக் கோயிலுக்கு எடுத்துப் போகக் குறுக்கு வழி மொராலியோ சதுக்கம்தான். பெட்டி அங்கே போய்ச் சேர்ந்தபோது சங்கிலி இழுத்துப் பூட்டியிருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கியவர்கள் திரும்பி, துறைமுகத்தைச் சுற்றி, மீன் கழுவும் துறை வழியாகக் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மபீலியா பீடத்தின் முன்னால் நனைந்த முக்காட்டோடு நின்று சத்தியம் செய்தாள்: பெர்தாஸ்கோ என்ற பெயர் தாங்கிய எந்தக் காலும் மொராலியோ சதுக்கத்துக் கல்லை இனி மிதிக்காது. அவள் அன்று அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை சத்தியம் கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கும்.

அந்தச் சத்தியம் ஒன்பது வருஷம் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. பிறகு பீசாக்காரர்களோடு கடல் சண்டை வந்தது. பீசாவும் கப்பல் பட்டணம்தான், ஆகவே ஜென்ம விரோதி. அந்தச் சண்டையில் மபீலியாவின் ஒரே மகன் ஒபெர்த்தோ பிடிபட்டுப் பீசாச் சிறையில் அடைபட்டான். அதே சண்டையில் ஜெனோவா பிடித்துவந்த கைதிகளைக் குடும்பங்கள் சீட்டுப் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டபோது, ஊகோ என்ற பீசாப் பிரபு ஒருவன் மொராலியோ குடும்பத்தின் பங்குக்கு விழுந்தான். பீசாவிலிருந்து சேதி வந்தது: ஊகோவைக் கொடுங்கள், ஒபெர்த்தோவைத் தருகிறோம், ஆகஸ்ட் மாதம் லோரன்ஸ் புனிதர் திருநாளன்று நண்பகல் மணி அடிப்பதற்குள் ஊகோவின் படகு புறப்பட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு முடிந்தது. மொராலியோ குடும்பத் தலைவர் லான்ஃபிராங்கோ, "வரட்டும், வாசல்ல நின்னு கேக்கட்டும், கொடுத்துடறேன்" என்று சொன்னதாக ஊர் முழுக்கப் பேச்சு. ஒபெர்த்தோவிடமிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. தனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையென்றும், எலுமிச்சை காய்த்ததா என்றும் கேட்டு எழுதியிருந்தான். எழுத்து ஆடி ஆடிப் போயிருந்தது. காய்ச்சல் இல்லாதவன் எழுத்து அப்படி ஆடாது என்று மபீலியாவுக்குத் தெரியும். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சத்தியத்தை மடித்துச் செருக இடம் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் வீடு புறப்பட்டது.

புதன்கிழமை இன்னொரு முழம். வியாழக்கிழமை இன்னொன்று. சத்தமில்லை, ஆட்டமில்லை, பானையில் இருந்த பால்கூடத் தளும்பவில்லை. எல்லோரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு நொடியில் அது போய் நிற்கும். தெருவில் எதிரும் புதிருமாக இருந்த வீடுகள், சந்தையில் பெரிய உடம்புக்காரி ஒருத்தி கூடையோடு வந்தால் எல்லோரும் ஒதுங்குவார்களே அப்படி, தோளைச் சுருக்கி வழி விட்டன. எதிர்ப்பட்ட வளைவு ஒன்று குனிந்தது போலவும் பிறகு நிமிர்ந்தது போலவும் பார்த்தவர்கள் சொன்னார்கள். முதல் வாரம் ஊர் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம் ஊருக்கு வேலை இருந்தது. மூன்றாவது வாரத்தில், வீடு விட்டுப்போன வெற்று இடத்தில் மீன்காரிகள் கூடையை இறக்கி, நல்ல நிழல், நல்ல காற்று, பக்கத்திலேயே கிணறு என்று கடை போட்டுவிட்டார்கள். மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி உலர்த்திய பக்கத்து வீட்டுக்காரர்கள் தினமும் கயிற்றை ஒரு முழம் நீட்டிக் கட்டினார்கள். ரொட்டிக்காரன் மட்டும் பழைய இடத்துக்கே வந்து கதவைத் தட்டக் கையை ஓங்கி, காற்றைத் தட்டிவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு போனான்.

அந்த ஊருக்கு வருஷா வருஷம் ஒரு ஆளுநரைக் கடலுக்குத் தள்ளியிருக்கிற வேறு ஊரிலிருந்து வரவழைப்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்தால் மறுநாளே மற்ற குடும்பங்கள் நாற்காலியை உடைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பட்சபாதம் வரக்கூடாதென்று அவர் எந்த வீட்டிலும் சாப்பிடக்கூடாது. ஆகவே தனியாகவே சாப்பிட்டு எப்போதும் சோர்ந்து போயிருப்பார். வீடு நகர்கிறது என்று அவரிடம் போய்ச் சொன்னபோது, கடற்கரை ஊர்களில் இதெல்லாம் வழக்கம் போலிருக்கிறது, நாம் ஆச்சரியப்பட்டால் நாட்டுப்புறத்தான் என்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, "சரி, அளந்து வையுங்கள்" என்றார். அளவுக்காரன் பால்தோ தினமும் காலையில் முழக்கயிற்றோடு வந்து அளந்து, சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போனான். அவனுக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

வேதனைப்பட்டவள் மபீலியா ஒருத்திதான். வீடு தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். கூடத்தின் நடுவில் நின்று சுவர்களைப் பார்த்து, "உனக்குச் சோறு போட்டது யாரு? சுண்ணாம்பு அடிச்சது யாரு? அவன் வாசலைப் பார்த்து ஓடுறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினாள். வீடு மறுநாள் ஒரு முழம் போனது. பங்குச் சாமியாரை வரவழைத்தாள்.

"சாமி, நான் வீட்டுக்குள்ள இருந்து, வீடு அங்க போயிட்டா, என் சத்தியம் என்னாகும்?"

சாமியார் எலுமிச்சைச் சாற்றைக் குடித்து முடிக்கிறவரை யோசித்தார். "நீங்க நடந்தீங்களா?"

"இல்ல. உக்காந்திருந்தேன்."

"அப்போ உக்காந்தே இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

மபீலியாவுக்கு அந்த அனுமதியில் ஆறுதல் இல்லை. எப்படிப் போனாலும் போவது போவதுதானே? கப்பல்காரக் குடும்பத்துப் பெண் அவள். ஓடுகிற ஒன்றை நிறுத்தத் தெரிந்த வழியைச் செய்தாள். கிட்டங்கியிலிருந்து நான்கு நங்கூரங்களைக் கொண்டுவரச் சொல்லி, வீட்டின் நான்கு மூலை ஜன்னல்களிலும் சங்கிலியில் கட்டித் தெருவில் இறக்கினாள். நங்கூரங்கள் தெருக்கல்லில் பல் பதித்துக்கொண்டன. அன்றைக்கு வீடு அரை முழம்தான் போனது. ஜெயித்துவிட்டோம் என்று மபீலியா இரண்டு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தாள். வீடு நங்கூரங்களை இழுத்துக்கொண்டு, தெருவில் நான்கு சாலாக உழுதுகொண்டு, நாளுக்கு அரை முழமாகப் பதினெட்டு நாள் போயிற்று. அந்தச் சால்களில் யாரோ கீரை விதைத்தார்கள், அது முளைத்தும்விட்டது.

பத்தொன்பதாம் நாள் காலையில் பால்தோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"அம்மா, ஒரு கணக்குச் சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இப்படியே போனா வீடு அங்க போய்ச் சேர செப்டம்பர் முடிஞ்சிடும். நங்கூரத்தை எடுத்துட்டா லோரன்ஸ் திருநாளுக்கு முந்தின நாள் போய்ச் சேரும். ஒரே ஒரு நாள்தான் மிச்சம். இன்னும் ரெண்டு மூணு நாள் இழுத்துப் பிடிச்சீங்கன்னா அதுவும் இருக்காது."

மபீலியா இடுப்பிலிருந்த கடிதத்தை எடுத்தாள்; படிக்கவில்லை, அந்த ஆடுகிற எழுத்தின் மேல் விரலை மட்டும் ஓட்டினாள். வீடு எங்கே போகிறதென்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது, எதற்குப் போகிறதென்றும் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் நங்கூரம் போட்டாள். பெற்ற பிள்ளையின் மேலேயே நங்கூரத்தைப் போட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். யாரையும் கூப்பிடாமல் தானே போய் முதல் நங்கூரத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். துரூவா ஓடிவந்து பின்னால் பிடித்தாள். இரண்டு பேரும் மூச்சு வாங்க நான்கையும் மேலே ஏற்றி முடித்தபோது, வீடு, யாரும் பார்க்காத ஒரு நொடியில், ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

ஆனி போய் ஆடி வந்ததுபோல ஜூன் போய் ஜூலை வந்து, வெயில் கொளுத்துகிற ஒரு நாள் வீடு மொராலியோ சங்கிலியின் முன்னால் போய் நின்றது. அன்றைக்கு ஊரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. சங்கிலி இழுத்துப் பூட்டியிருந்தது. மொராலியோ ஆட்கள் ஈட்டியோடு நின்றார்கள். ஆளுநர் வந்து, சட்டப் புத்தகத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமி வாசித்தார்.

"சங்கிலி பூட்டிய சதுக்கத்துக்குள் மனிதக் கால், மிருகக் குளம்பு, வண்டிச் சக்கரம் ஆகிய மூன்றும் நுழையக்கூடாது." புத்தகத்தை மூடினார். "இந்த வீட்டுக்கு இதுல எது இருக்கு?"

ஈட்டிக்காரர்கள் குனிந்து வீட்டின் அடியில்கூடப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் வீடு ஒரு முழம் உள்ளே போயிருந்தது. சங்கிலி அறுபடவில்லை, பூட்டும் திறக்கவில்லை, அது ஒரு பக்கத்துச் சுவர் வழியாக நுழைந்து, பெர்தாஸ்கோ கூடத்தின் குறுக்கே இடுப்பு உயரத்தில் நீண்டு, மறுபக்கத்துச் சுவர் வழியாக வெளியே போயிருந்தது. பதினோரு வருஷமாகத் தன் தூக்கத்தில் வந்துகொண்டிருந்த அந்தச் சங்கிலியை மபீலியா தன் கூடத்திலேயே பார்த்தாள், கிட்டப் போய்த் தொட்டாள். சாதாரண இரும்பு, துருவேறியது. துரூவா அதன் மேல் பாத்திரம் துடைக்கிற துணியை உலரப் போட்டாள். நாளுக்கு ஒரு முழமாகச் சங்கிலி கூடத்திலிருந்து அடுப்படிக்கு நகர்ந்து, அடுப்படியிலிருந்து பின்சுவர் வழியாக வெளியேறி, துணி போட்டது போட்டபடியே, வீட்டுக்குப் பின்னால் தொங்கிற்று.

லோரன்ஸ் திருநாளுக்கு முந்தின நாள், வாசல் வாசலோடு போய் ஒட்டிக்கொண்டது. கொத்தனார் ஒருவர் இரண்டு வாசற்படிக்கும் நடுவே கத்தி நுனியைச் செருகிப் பார்த்தார், நுழையவில்லை. எது பெர்தாஸ்கோ கல், எது மொராலியோ கல் என்று சொல்லவும் அவரால் முடியவில்லை. மொராலியோ வீடு சண்டைக் காலத்தில் கட்டினது; எதிரி நுழையக்கூடாதென்று ஒரே ஒரு கதவுதான் வைத்திருந்தார்கள். அந்த ஒரே கதவும் இப்போது அடைபட்டுவிட, நாற்பது பேர் உள்ளே மாட்டிக்கொண்டு, ஜன்னலில் கூடை இறக்கி ரொட்டி வாங்கினார்கள். பெர்தாஸ்கோ வீட்டுக்கோ பின்பக்கத்து அடுப்படிக் கதவு இருந்தது. ஆனால் அது வேலைக்காரர்கள் போய் வருகிற கதவு, பெயர் தாங்கியவர்கள் யாரும் அதில் நுழைந்ததே இல்லை.

அந்த நாள் முழுக்க மபீலியா கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்ன சொல்வது என்று நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் முதல் வார்த்தை சங்கிலி, சவப்பெட்டி, மழை என்றே வந்தது. மறுநாள் காலையில் கோயிலில் திருநாள் பூசைக்கு மணி அடித்தபோது, அடுத்த மணி நண்பகல் மணி என்று நினைத்தாள், தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள்.

அந்தப் பக்கத்துக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. கதவருகே ஒரு முக்காலியில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வழுக்கைத் தலையும் தாடியுமாக லான்ஃபிராங்கோ உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"எப்போ திறந்தீங்க?" என்றாள் மபீலியா. நூறு விதத்தில் இது இல்லை.

"நேத்தே திறந்தாச்சு" என்றார் அவர். "உங்க கதவைத் தட்டத்தான் கூச்சமா இருந்தது."

அவர் முக்காலியிலிருந்து இறங்கி, முழங்கால் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அந்த வாசற்படியில் மண்டியிட்டார். "இது உங்க வாசலா எங்க வாசலான்னு எனக்குத் தெரியல. அதனால இங்கயே சொல்லிடறேன். சங்கிலியைப் பூட்டச் சொன்னது நான்தான். ஏதோ கப்பல் தகராறு, என்ன தகராறுன்னுகூட இப்போ ஞாபகமில்ல. பெட்டி மழையில திரும்பிப் போறதை ஜன்னல்ல நின்னு பார்த்தேன். ஓடிப்போய்த் திறக்கணும்னு தோணிச்சு. திறக்கல. பதினோரு வருஷமா மன்னிப்புக் கேக்கணும்னு இருக்கேன், உங்க வாசலுக்கு வரணுமே! நூறு முழம் அம்மா, நூறே முழம். என்னால வர முடியல."

மபீலியாவுக்கு அழுகை வந்தது. அன்றைக்கு மழையில் வந்திருக்க வேண்டியது, பதினோரு வருஷம் கழித்து, எதிரி வீட்டு நாற்பது பேர் எட்டிப் பார்க்கையில் வந்தது. அழுதுகொண்டே அவளும் அதே படியில் எதிரே உட்கார்ந்தாள்.

"என் பிள்ளையைக் கொடுங்க" என்றாள்.

"கொடுத்துட்டேன்" என்றார் லான்ஃபிராங்கோ.

ஊகோவை அழைத்துவந்தார்கள். வெளியே போக வேறு வழி கிடையாதே. அவன் பெர்தாஸ்கோ வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்படி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அடுப்படியில் மபீலியா அவனை நிறுத்திச் சூப்பும் ரொட்டியும் கொடுத்தாள். "உங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். அவன் வாயில் ரொட்டியோடு தலையாட்டினான். அவன் சட்டைக்குள் நாலு எலுமிச்சம்பழத்தைத் திணித்து அனுப்பினாள். நண்பகல் மணி அடித்தபோது படகு துறைமுகத்தை விட்டுக் கால் மைல் போயிருந்தது.

அதற்குப் பிறகு வீடு நகரவில்லை. மொராலியோ குடும்பம் மொத்தமும் பூசைக்கும் சந்தைக்கும் பெர்தாஸ்கோ அடுப்படி வழியாகவே போய் வந்தது. போகும்போது மூடியைத் திறந்து என்ன சமையல் என்று பார்த்தது. உப்பு குறைவு என்றும் சொன்னது. துரூவா அகப்பையால் இரண்டு பேரை அடித்தாள். மபீலியா மட்டும் வெளியே வருவதில்லை. வீட்டைச் சுற்றி மொராலியோ கல். சமாதானம் வேறு, பீடத்தின் முன் செய்த சத்தியம் வேறு என்று சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் பீசாவிலிருந்து படகு வந்தது. காற்று நன்றாக இருந்ததால் யாரும் எதிர்பாராத நேரத்தில் வந்து சேர்ந்தது. ஒபெர்த்தோ, எலும்பும் தோலுமாக, துறைமுகத்தில் ஒருவரிடமும் பேசாமல், கால் பழகிய வழியில் தன் வீட்டுக்கு நடந்தான். போய் நின்ற இடத்தில் வீடு இல்லை. மீன்காரிகள் இருந்தார்கள், நங்கூரம் உழுத சாலில் கீரை இருந்தது, கிணறு இருந்தது. ஜெனோவாவில் ஒரு குடும்பம் துரோகம் செய்தால் வீட்டைத் தரையோடு இடித்துவிடுவார்கள்; வெற்று மனைக்கு அந்த ஊரில் வேறு அர்த்தமே கிடையாது. அவன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டான்.

வீடு எங்கே போனாலும் துரூவாவுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். நூற்றுச் சொச்சம் முழம் நடந்து வந்து, குடத்தை இறக்கினவள், குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"தம்பி? ஒபெர்த்தோ தம்பி! இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

"துரூவாக்கா, நம்ம வீடு எங்க?"

"உங்களைக் கூட்டிட்டு வரப் போச்சு" என்றாள் அவள், சந்தைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல. "வாங்க, ஒரு குடம் பிடிங்க."

அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். மொராலியோ தூண்களுக்கு வந்ததும் நின்றுவிட்டான். சங்கிலி இடுப்பு உயரத்தில், துடைக்கிற துணியோடு தொங்கிக்கொண்டிருந்தது. துரூவா குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அவன் போகவில்லை. அம்மாவின் சத்தியம் செய்யப்பட்டபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது, பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றிருந்தான். சதுக்கத்தின் நடுவே தன் வீட்டின் முதுகு தெரிவதைப் பார்த்துக்கொண்டு, குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல், சங்கிலிக்கு இந்தப் பக்கமே நின்றான்.

அடுப்படி ஜன்னலில் மபீலியாவின் முகம் தெரிந்தது, மறைந்தது. அடுத்து, வேலைக்காரர்கள் மட்டுமே நுழைகிற அந்தச் சின்னக் கதவு படாரென்று திறந்து, ஜெனோவாவின் பெரிய குடும்பம் ஒன்றின் தலைவி, முக்காடு இல்லாமல், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலுமாக வெளியே வந்து, சதுக்கத்தைக் குறுக்கே பாய்ந்து ஓடி வந்தாள். தன் கயிற்றோடு தூணருகே நின்ற பால்தோ வாயைப் பிளந்தான். மொராலியோ ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. துரூவா பதறிப்போய், "அம்மா! கல்லும்மா! மொராலியோ கல்லு!" என்று கத்தினாள்.

மபீலியா அதற்குள் சங்கிலிக்கு மேலாக மகனைக் கட்டிக்கொண்டிருந்தாள். குடம் சாய்ந்து அவள் வெறுங்காலில் தண்ணீர் கொட்டியது. மகனின் தோளில் முகத்தைப் புதைத்தபடியே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எந்தக் கல்லு?"